எழுவானா, படுவானா: பழைய துறைமுக ஓவியம் ஒன்றைப் பார்க்கும் முறை

மட்டக்களப்பு நகரத்தில் பிறேம் போடும் கடை வைத்திருக்கிறேன். கலியாணப் படம், சாமிப் படம், பட்டமளிப்புப் படம், 31ஆம் நாளுக்கு அவசரமாகப் பெரிதாக்கிக் கொண்டுவரும் படம், இவைதான் என் பிழைப்பு. துறைமுக ஓவியம் பார்ப்பதைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், என் கடைச் சுவரில் அப்படி ஒன்று 11 வருடமாகத் தொங்குகிறது, அதுதான் தகுதி. பிறேம் போடக் கொடுத்தவர் எடுக்காமலே போய்விட்டார். பிழை என்னுடையது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

படம் கிளோட் லொரேன் வரைந்தது. பிரான்சுப் பக்கம் லொரேன் என்ற பகுதியில் பிறந்தவர், சின்ன வயதிலேயே இத்தாலிக்குப் போனவர், 1682 இல் ரோமில் இறந்தவர். பேஸ்ட்ரி வேலை பழகியவர் என்று அந்தக் காலத்து வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. சேபா நாட்டு அரசி கப்பலேறப் புறப்படுகிற துறைமுகம்தான் காட்சி. 1648 இல் வரைந்த மூலப் படம் லண்டன் நஷனல் கலரியில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 149 சென்ரிமீற்றர், அகலம் 197. என் வெட்டு மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டும். என்னிடம் இருப்பது 24க்கு 18 அங்குலத் தாள் பிரதி. உங்களிடம் எதுவும் இல்லாவிட்டால் போனில் தேடி எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இதை வாசியுங்கள்.

போனில் பார்ப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே ஓவியம் ஒரு பிரதியில் மாம்பழ மஞ்சளாக இருக்கும், இன்னொன்றில் பச்சை தட்டியிருக்கும். இரண்டு மூன்று பிரதிகளைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட படமென்றால் ஜன்னலுக்கு எதிரே நின்று பார்க்காதீர்கள், உங்கள் முகம்தான் தெரியும்.

சரி. படத்துக்கு முன்னால் வந்ததும் எல்லாரும் கேட்பது, "இதில யார் ராணி?" என்பது. கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, சூரியன் எங்கே என்பது.

கிளோட்டின் துறைமுகங்களில் சூரியன் ஒளிந்திருக்காது. நேரே நம் முகத்துக்கு எதிரே, கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்து விழுவது போல வரைவதுதான் அவருக்கு முன்பு பெரும்பாலும் வழக்கம். வெளிச்சத்தின் ஊற்றையே படத்துக்குள் இழுத்து வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கணக்குக் கொடுக்கச் செய்தது இவர் துணிச்சல். அதனால் சூரியனைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த கேள்வியில்தான் நம் ஊர்க்காரர் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். அது காலைச் சூரியனா, மாலைச் சூரியனா? கடையில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் "விடியக்காலம்" என்பார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? நாம் வாவிக்கு இந்தப் பக்கத்தை, பொழுது எழும் கிழக்குக் கடல் பக்கத்தை, எழுவான்கரை என்றும், அந்தப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் பெயர் வைத்துப் புழங்குகிறவர்கள். கடலுக்கு மேலே சூரியன் நின்றால் நமக்கு அது விடியல். வேறு வழியே இல்லை. கல்லடிக் கடற்கரையில் பொழுது கடலில் விழுந்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் கிளோட் வாழ்ந்த ரோமுக்குக் கடல் மேற்கே. அங்கே பொழுது கடலில்தான் விழும். அவர் கண்ணுக்குப் பழகிய கடல், படுவான் பக்கத்துக் கடல். ஆகவே திசையை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது. நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு வேறு சாட்சிகளைத் தேட வேண்டும்.

சாட்சி ஒன்று, வானத்தின் நிறம். சூரியனைச் சுற்றி வெளிர் மஞ்சள், அதற்கு மேலே சீக்கிரமே தெளிந்த நீலம் என்றால் காலை என்று நினைக்கலாம். செம்மஞ்சள் தூக்கலாகி, முகிலும் சுவரும் பாய்மரமும் ஒரே வெல்லப்பாகில் தோய்த்தெடுத்தது போல இருந்தால் மாலை. பாரிஸ் லூவரில் கிளோட்டின் 1639 ஆம் ஆண்டுத் துறைமுகம் ஒன்று இருக்கிறது, சூரியன் மறையும் நேரம். அதையும் அரசியின் படத்தையும் போனில் மாற்றி மாற்றிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். சாட்சி இரண்டு, ஆட்கள் செய்யும் வேலை. புறப்படுகிறார்களா, வந்து இறங்குகிறார்களா, வேலை முடிந்து நிற்கிறார்களா? அரசி புறப்படுகிறாள். வானம் வெளிறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் காலை. நம்மவர்கள் சொன்ன விடை சரிதான், சொன்ன காரணம்தான் பிழை.

அப்புறம் நிழல். சூரியன் எதிரே நின்றால் நிழல் நம்மை நோக்கி விழ வேண்டும், ஆட்களின் முன்பக்கம் மங்கலாக இருக்க வேண்டும், தூண்களின் கடல் பக்க விளிம்பு மட்டும் மின்ன வேண்டும். கிளோட்டிடம் இது ஒன்றும் தப்பாது. கடைகளில் கொடுக்கும் கலண்டர் படங்களைப் பாருங்கள்: பின்னால் சூரியன் எரியும், முன்னால் நிற்கும் பெண்ணின் முகம் ஸ்ரூடியோ லைட் போட்டது போல வெளிச்சமாயிருக்கும். நிழல் எங்கே என்று தேடினால் இராது. வரைந்தவர் உண்மையாகவே பார்த்தாரா, மனதிலிருந்து ஒட்டினாரா என்று பிடிக்க இதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியாது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

படத்தைக் கொண்டுவந்த ஐயாவுக்கு அதை லண்டனிலிருந்து தம்பி அனுப்பியிருந்தார். கூடவே தகப்பன் காலத்துத் தேக்குப் பிறேம் ஒன்றையும் கொண்டுவந்தார், "இதுக்குள்ளயே போட்டுத் தாங்க, தங்கச்சி." அளந்தால் பிறேம் இரண்டரை அங்குலம் குறைவு. வலது பக்கத்தில் மாளிகை, படிக்கட்டு, ராணி. இடது ஓரத்தில் என்ன இருக்கிறது? உடைந்த தூண்கள், ஒரே இருட்டு. யோசிக்காமல் இடது பக்கத்தில் ரூளரை வைத்தேன், பிளேட்டை இழுத்தேன். ஹார்ட்போர்ட் வைத்து, ஆணி அடித்து, கண்ணாடி துடைத்துச் சுவரில் சாத்திவிட்டுப் பார்க்கிறேன், படம் செத்துப் போய்க் கிடக்கிறது. சூரியன் அதே சூரியன்தான், ஆனால் ஒளி இல்லை. கடல் பின்னாலே போகாமல் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பு நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறமாக இருந்த சூரியன் இப்போது ஓரத்தை நோக்கிச் சறுக்கி விழப் போவது போல இருக்கிறது.

ஐயா வந்து பார்த்தார். அவருக்கும் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "என்னமோ குறையுதே தங்கச்சி" என்றார். நான் வெட்டியதைச் சொன்னேன். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது. பிறேமை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். குப்பைக் கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பின்பக்கம் ரேப் ஒட்டிச் சேர்த்து வைத்தேன். படம் மறுபடி மூச்சு விட்டது.

அன்று விளங்கியது இது. கிளோட் முன்னால் ஓரத்தில் வைக்கும் இருட்டு வெறும் இருட்டு அல்ல. கூத்துக் களரியில் வெள்ளைத் திரையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னாலிருந்து ராசா வரவு வருவதைப் பார்த்திருப்பீர்கள். திரை இருப்பதால்தான் அதற்குப் பின்னால் ஓர் உலகம் இருக்கிறது என்று நம்புகிறோம். ஓரத்துத் தூணும் அப்படித்தான். அது நமக்குக் கிட்டே இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது. அதனால் அதற்கு அப்பால் உள்ள வெளிச்சம் தூரமாகவும் கூடுதலாகவும் தோன்றுகிறது. வெள்ளைத் தாளில் வரைந்த மஞ்சளுக்கு உண்மையில் பெரிதாக ஒளி கிடையாது. பக்கத்தில் இருட்டை வைத்துத்தான் அதை எரிய வைக்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். உள்ளங்கையால் இடது ஓரத் தூண்களை மறையுங்கள். பத்து எண்ணுங்கள். கையை எடுங்கள். பிறகு வலப்புறத்து மாளிகையை மறைத்துப் பாருங்கள். எந்தத் துறைமுக ஓவியம் கிடைத்தாலும் இந்தக் கை வைத்தியத்தைச் செய்யலாம். மறைத்தாலும் ஒன்றும் மாறவில்லையென்றால் அந்தப் பகுதி அலங்காரத்துக்கு வைத்தது. மறைத்ததும் படம் சாய்ந்துவிட்டால், அது வளைத்தாங்கி.

தூரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கிட்டே உள்ளவை கறுத்து, விளிம்பு கூராக இருக்கும். அப்பால் போகப் போக நிறம் வெளிறி, நீலமும் சாம்பலும் கலந்து, கோடு கரைந்துவிடும். காற்றிலுள்ள ஈரமும் தூசும் செய்யும் வேலை அது. மார்கழி தையில் விடியப்புறம் வாவியோரமாக நின்று முகத்துவாரத்து வெளிச்சவீட்டுப் பக்கம் பார்த்தவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த வெளிச்சவீடு 1913 இல் கட்டியது, வெள்ளை வெளேரென்று இருப்பது. பனிப்புகார் இறங்கிய நாளில் வானத்தோடு வானமாகக் கரைந்து நிற்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, எத்தனை படலமாகத் தூரம் போகிறது என்பது மட்டும் மிஞ்சும். அரசியின் படத்தில் நான் நாலு எண்ணுவேன்: கறுத்த முன்கரை, படகுகளும் படிக்கட்டும், நடுவில் வெயில் பட்ட கட்டடங்கள், கடைசியில் கடலும் வானமும் ஒன்றாகிற இடம். உங்களுக்கு ஐந்து வந்தாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

கோடு பிடிப்பது அடுத்தது. தொடுவானம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓவியர் தன் கண்ணை வைத்திருக்கிறார். கல்லடியில் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள், பிறகு எழும்பி நின்று பாருங்கள். தொடுவானமும் உங்களோடு எழும்பும். படத்தில் அந்தக் கோடு நடுவுக்குக் கீழே இருக்கிறது. அதாவது நாம் உயரத்திலிருந்து எட்டிப் பார்க்கவில்லை, கரையில் சனத்தோடு சனமாக நிற்கிறோம். தையல் நூலை எடுத்து, வலப்புற மாளிகையின் படிவிளிம்பு, மேல்விளிம்பு என்று கடலை நோக்கி ஓடும் கோடுகளின் மேல் பிடியுங்கள். எல்லா நூலும் தொடுவானக் கோட்டின் மேல் ஒரே பக்கம் போய்ச் சேரும். கண் தானாகக் கடலை நோக்கி ஓடுவதற்குக் காரணம் அதுதான். தண்ணீரில் சூரியன் போட்ட பளபளப்புப் பாதை கண்ணை மறுபடி நம்மிடம் கொண்டுவந்து விடுகிறது. போவது கல்லின் வழி, வருவது தண்ணீரின் வழி. எனக்கு இந்தப் படத்தில் அலுக்காத இடம் இது.

கப்பலையும் கடலையும் பற்றி நான் கற்றது ஒரு மாமாவிடம். கடலுக்குப் போய்க் காலம் கழித்தவர், மனைவியின் படத்துக்கு பிறேம் போட வந்திருந்தார். நான் கண்ணாடி வெட்டி முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிள்ள, கப்பல் ஏன் கரைக்கு வரல்ல?"

"தெரியா மாமா."

"ஆழம் காணாது. அதான் வள்ளத்தில ஆள ஏத்திக்கொண்டு போய்க் கப்பல்ல விடப் போறாங்க. பாரு, படியடியில வள்ளம் நிக்குது."

நான் அதுவரை அந்தப் படகை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அரசி இறங்கி வருவது கப்பலுக்கு அல்ல, அந்தப் படகுக்கு. அவள் பயணம் இரண்டு கட்டம். மாமா விடவில்லை. "அலை நேர நம்மளப் பாத்து வருது. வாய் முழுக்கத் திறந்து கிடக்கு, கல்லணை ஒண்டும் இல்ல. இதுக்குள்ள வாடைக்கு ஒரு கப்பல் நிக்குமா?" என்றார். படத்தை வரைந்தவரைப் பிடித்துக் கேட்கப் போவது போல இருந்தது அவர் குரல்.

அவர் கேட்டது நியாயம். ஒலுவிலில் அலையைத் தடுக்கக் கல்லணை போட்டுக் கட்டிய துறைமுகத்திலேயே மணல் வந்து வாயை மூடுவதைப் பார்த்தவர்கள் நாம். கிளோட்டின் துறைமுகத்தில் எந்தக் கப்பலும் ஒரு வாடைக்கு மேல் தாங்காது. ஏனென்றால் அப்படியொரு துறைமுகமே கிடையாது. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். 1637 இல் அவர் வரைந்த ஒரு துறைமுகத்தில், இப்போது அது புளோரன்சில் இருக்கிறது, கரையோரமாக நிற்பது வில்லா மெடிச்சி. உண்மையில் அந்த மாளிகை ரோம் நகரத்துக்குள் ஒரு குன்றின் மேல் இருக்கிறது, கடலே இல்லை. நம் கோட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் உன்னிச்சைக் குளக்கரையில் வைத்து வரைந்தது போல. இடிந்த ரோமத் தூணும் புத்தம் புது மாளிகையும் எதிரெதிரே நிற்பதும் அப்படிச் சேர்த்ததுதான். ஆக, "இது எந்த ஊர்?" என்று தேடி நேரத்தைப் போக்காதீர்கள். "எதையெல்லாம் எங்கிருந்து எடுத்து இங்கே சேர்த்திருக்கிறார், ஏன்?" என்று தேடுங்கள்.

எல்லாத் துறைமுக ஓவியமும் இப்படி என்று நினைக்கவும் வேண்டாம். அவருக்கு நூறு வருடம் பிந்திய வெர்னே என்ற பிரெஞ்சுக்காரரை 1753 இல் அரசாங்கமே நாட்டின் துறைமுகங்களை வரைய அனுப்பியது. அவர் 15 படங்கள் வரைந்தார். அவற்றில் இடத்தைத் தேடலாம், ஊர்த் தொழிலைத் தேடலாம், ஒன்றில் பெரிய சூரை மீன் பிடிக்கும் காட்சியே இருக்கிறது. மாமாவுக்குக் காட்டியிருக்க வேண்டியது அதை.

இப்போது ஆட்களிடம் வரலாம். படிக்கட்டைப் பாருங்கள். இளஞ்சிவப்பு உடை, நீல மேலாடை, தலையில் பொற்கிரீடம். அவ்வளவு பெரிய படத்தில் அரசி ஒரு சின்ன உருவம். இதை ஓவியரின் பலவீனம் என்பவர்களும் உண்டு. நிலக்காட்சிக்குத்தான் காசு, ஆட்களைச் சும்மா தருகிறேன் என்று கிளோட் பகிடியாகச் சொல்வாராம், அவர் வாழ்க்கையை எழுதியவர் பதிந்திருக்கிறார். எனக்கு அந்தச் சின்ன உருவம் சரியாகவே படுகிறது. ஓர் அரசி ஊரை விட்டுப் போகிறாள், கரையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைத்தான் பார்க்கிறார்கள். நிறத்தால் மட்டும்தான் அவளைப் பிரித்திருக்கிறார்: சுற்றிலும் கல் நிறமும் மண் நிறமும் இருக்க, அந்த இடத்தில் மட்டும் சிவப்பும் நீலமும்.

கதை வலது பக்கக் கல்லொன்றில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறது, சேபாவின் அரசி சாலொமோனைக் காணப் போகிறாள் என்று. பூயோன் என்ற பிரபுவுக்காக ரோமில் 1648 இல் செய்தது என்பதும் படத்திலேயே உண்டு. பக்கத்துக் கடை அக்கா வேதாகமத்தைக் கொண்டுவந்து முதலாம் இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். அங்கே சேபாவின் ராஜஸ்திரீ வருவது ஒட்டகங்களோடு: கந்தவர்க்கம், பொன், இரத்தினம் சுமந்த ஒட்டகங்கள். அவள் கப்பலேறியதாக ஒரு சொல்லும் இல்லை. கப்பல்கள் அதே அதிகாரத்தில் இருக்கின்றன, ஆனால் அவை ஓப்பீரிலிருந்து பொன் கொண்டுவரும் ஈராமின் கப்பல்கள். ஓவியர்கள் வழக்கமாக வரைவது அவள் சாலொமோன் முன்னால் போய் நிற்பதைத்தான். கிளோட் எடுத்தது அவள் புறப்படும் நேரத்தை. வேதத்தில் இல்லாத ஒரு கணத்தை. எழுதிய கதையில் இருப்பது எது, ஓவியர் கொண்டுவந்தது எது என்று இப்படி ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டால் அவருக்கு எதில் ஆசை என்பது வெளியே வந்துவிடும். இவருக்கு ஆசை, புறப்பாட்டில்.

இதற்கு மேலும் ஒரு பூட்டு இருக்கிறது. அதைத் திறந்தது காத்தான்குடியிலிருந்து வந்த பிள்ளை ஒன்று. உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கிறவள், தான் வரைந்த படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை போட வந்தாள். கதையைச் சொன்னதும், "இது பல்கீஸ் ராணி அன்ரி! ஹுத்ஹுத் பறவை எங்க?" என்று தேடத் தொடங்கினாள். சேபா அரசியை முஸ்லிம்கள் பல்கீஸ் என்பார்கள். குர்ஆனில் நம்ல் அத்தியாயத்தில் ஸுலைமான் நபிக்கு, அதாவது சாலொமோனுக்கு, அந்தப் பறவைதான் ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவருகிறது. ஒரு பெண் ஆள்கிறாள், அவளும் அவள் சனமும் சூரியனை வணங்குகிறார்கள் என்று. பிள்ளை படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அதான் அன்ரி, சூரியன நடுவில வச்சிருக்காரு."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவ்வளவு பொருத்தம். அன்றிரவே கிளோட்டின் வேறு துறைமுகங்களைத் தேடிப் பார்த்தேன். 1641 இல் வரைந்த புனித உர்சுலா கப்பலேறும் படம் இருக்கிறது, அதுவும் லண்டனில்தான். வில் ஏந்திய பெண்கள் கப்பலேறப் போகிறார்கள், எதிரே அதே கடல், கடலுக்கு மேலே அதே சூரியன். உர்சுலா கிறிஸ்தவப் புனிதை, அவளுக்கும் சூரிய வணக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகவே சூரியனைக் கிளோட் அங்கே வைத்தது அந்தக் காரணத்துக்காக அல்ல. அவர் கையில் எடுத்ததும் வேதாகமக் கதையை.

பிள்ளை மறுகா வந்தபோது இதைச் சொன்னேன். முகம் வாடிப் போயிற்று. பிழையென்று நான் சொல்லவில்லை என்றேன். இரண்டு பையாக வைத்துக்கொள்ள வேண்டும்: ஓவியர் போட்டது ஒரு பை, நாம் கொண்டுவந்தது ஒரு பை. ஓவியர் இதை நினைத்தார் என்று எழுதினால் சான்று கேட்பார்கள். இந்தக் கதையை அறிந்தவர் கண்ணுக்கு அந்தச் சூரியன் இப்படிப் படும் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டையும் கலக்காமல் இருக்க ஒரே வழி, அதே ஆள் வரைந்த வேறு இரண்டு படங்களையாவது பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நானே இப்போது அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல்கீஸைத்தான் நினைக்கிறேன், அது வேறு.

கிளோட்டின் படங்களைப் பக்கத்தில் வைக்க ஒரு வசதியும் உண்டு. தன் பெயரில் வேறு ஆட்கள் போலிப் படங்களை விற்பதால், முடித்த ஓவியங்களை ஒவ்வொன்றாகச் சின்ன வரைபடமாக ஒரு புத்தகத்தில் பதிந்து வைத்தார். ஏறத்தாழ 200 வரைபடங்கள், யாருக்குக் கொடுத்தது என்ற குறிப்போடு. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. என் ரசீதுப் புத்தகத்தை நினைத்துக்கொண்டேன். அந்த ஐயாவின் பெயருக்கு எதிரே இன்னும் "பாக்கி" என்றுதான் இருக்கிறது.

டேர்னர் என்ற ஆங்கில ஓவியர் இந்த அரசியின் படத்தைப் பார்த்துப் பைத்தியமானவர். கார்த்தேஜ் நகரத்தைக் கட்டும் டிடோ அரசியை 1815 இல் ஒரு துறைமுகமாக வரைந்து, அதைக் கிளோட்டின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று உயிலிலேயே எழுதி வைத்தார். லண்டனில் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். இரண்டையும் போனில் அடுத்தடுத்துப் பார்ப்பதென்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிளோட்டின் சூரியன் பொருட்களைக் காட்டுகிறது, டேர்னரின் சூரியன் பொருட்களைத் தின்னத் தொடங்குகிறது.

படத்தில் இல்லாதவற்றையும் ஒருமுறை தேட வேண்டும். கருவாட்டு நாற்றம் இல்லை, சேறு இல்லை, பீரங்கிச் சத்தம் இல்லை. ஆனால் அதே காலத்துக் கடல் அப்படி அமைதியானதல்ல என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1602 இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கரையில் வந்து இறங்கி, இங்கிருந்து கண்டி அரசனைப் பார்க்கப் போனார். 1638 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்தார்கள். ரோமில் கிளோட் துறைமுகத்துக்கு மேல் துறைமுகமாக வரைந்துகொண்டிருந்த காலம் அது. புளியந்தீவுக் கோட்டைச் சுவரில் ஏறி நின்று வாவியைப் பார்க்கும்போது, அந்தப் பொன்னிறக் கடலின் மறுகரையில் நாம்தான் நின்றோம் என்று எனக்குத் தோன்றும். கிளோட்டைக் குறை சொல்ல அல்ல. அவருக்குப் படம் வரையச் சொன்னவர்கள் பாப்பரசரும் கர்தினால்களும் பிரபுக்களும். அவர்கள் வீட்டுச் சுவருக்குக் கேட்டது எது என்பதையும் படம் சொல்கிறது, கேட்டால்.

ஒரு நாளில் இவ்வளவையும் பார்த்து முடிக்கத் தேவையில்லை. முதல் நாள் சூரியனும் நிழலும் போதும். அடுத்த நாள் கையால் மறைத்துப் பாருங்கள். நூல் பிடிப்பது பிள்ளைகளோடு செய்ய நல்லது. இடையில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லடிக்குப் போய், சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் வரும்வரை நில்லுங்கள். கிளோட் நிறுத்தி வைத்திருக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு சுருக்காக ஓடிவிடுகிறது என்று தெரியும்.

பிரதி வாங்கி பிறேம் போடப் போகிறீர்கள் என்றால் ஓரம் வெட்ட விடாதீர்கள். தாள் பெரிதென்றால் பிறேமைப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள், சுற்றிலும் இரண்டு அங்குலம் மவுண்ட் விட்டால் கண்ணாடி தாளில் ஒட்டாது. நம் உப்புக் காற்றுக்கு அது கட்டாயம். பின்பக்க ஹார்ட்போர்ட்டின் விளிம்பைத் தாள் ரேப்பால் மூடச் சொல்லுங்கள், பூச்சி போகாது. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம். அசல் சூரியன் இரண்டு வருடத்தில் அச்சு மஞ்சளைத் தின்றுவிடும்.